ஒரு குதிரைக்கு எவ்வளவு

என் காரில் யார் ஏறினாலும் மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. கார் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து கிலோ. நான் எண்பத்தைந்து. ஏறுகிறவரின் உருவத்தைப் பார்த்து ஒரு குத்துமதிப்பு. எல்லாவற்றையும் கூட்டித் தொண்ணூற்றைந்தால் வகுக்க வேண்டும், ஏனென்றால் என் என்ஜினுக்குக் குதிரைத்திறன் தொண்ணூற்றைந்து. வருகிற விடைதான் ஒரு குதிரை இழுக்க வேண்டிய எடை. பயணிகள் பாவம், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். தங்களைக் குதிரை முதுகில் ஏற்றி எடைபோட்டு முடித்துவிட்டான் இந்த ஆள் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

இந்தக் கிறுக்கை எனக்குப் பிடிக்க வைத்தவர் ஓர் அக்கா. அவர் செத்து மூன்று மாதம் ஆகிறது. கிறுக்கு என்னோடு தங்கிவிட்டது.

ஈப்போவுக்கு வெளியே, சுங்கை சிப்புட் போகிற பக்கம் அப்போது ஒரு குவாரி இருந்தது. மலையை வெடிவைத்து உடைத்து, கல்லை அரைத்து, லோரியில் ஏற்றி அனுப்புகிற இடம். வெளியே போகிற ஒவ்வொரு லோரியும் வாசலில் இருந்த எடைமேடையில் ஏறி நிற்க வேண்டும். எத்தனை டன் என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டுதான் ரோட்டில் இறங்கலாம். அந்த மேடையை நாங்கள் திம்பாங் என்போம். சீட்டு எழுதுகிறவர் திம்பாங் கிராணி. ரப்பர் தோட்டத்தில் ஆபீசில் உட்கார்ந்து எழுதினவர்களைக் கிராணி என்று கூப்பிட்டுப் பழகிய வாய், தோட்டம் போன பிறகும் மாறவில்லை. அக்காதான் அங்கே கிராணி. நான் அங்கே பத்துச் சக்கர லோரி ஓட்டினேன்.

பழைய கொண்டெய்னர் ஒன்றில் ஜன்னல் வெட்டி, ஒரு மேசையும் காற்றாடியும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுதான் அவருடைய ஆபீஸ். கல் தூசி எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அக்காவின் புருவமும் மத்தியானத்துக்குள் நரைத்துவிடும். மெஷின் மேல் எப்போதும் ஓர் ஈரத் துண்டு கிடக்கும். ஜன்னலுக்கு எதிரே ஒரு கம்பம் நட்டு, உடைந்த லோரியிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடியைக் கம்பியால் அதில் கட்டியிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே லோரியின் கடைசி டயர் மேடை மேல் இருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்று அதில் தெரியும். கடைசி ஜோடி டயர் மேடைக்கு வெளியே நின்றுவிட்டால் மெஷின் பத்து டன் குறைத்துக் காட்டும். அது எல்லா டிரைவருக்கும் தெரிந்த வித்தை. அந்தக் கண்ணாடி வந்த பிறகு எவனும் அவரிடம் அதைக் காட்ட முடியவில்லை.

மற்ற குவாரிகளில் சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு அடுத்த லோரியைக் கூப்பிடுவார்கள். அக்கா அப்படி விட மாட்டார். முதலில் கண்ணாடியைப் பார்ப்பார். அப்புறம் மெஷினில் எடையைப் பார்ப்பார். அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்ப்பார். ஒவ்வொரு லோரியின் நம்பரும் அதற்கு எத்தனை குதிரைத்திறன் என்பதும் அதில் எழுதியிருக்கும். மனசுக்குள் வகுத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்வார்.

"ஒரு குதிரைக்கு நூத்தி பன்னெண்டு. சொல்லு."

டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "நூத்தி பன்னெண்டு."

"சரி, போ."

இந்த இரண்டு வார்த்தையும் வந்தால்தான் சீட்டு கைக்கு வரும். நூற்றிருபதைத் தாண்டினால் சரியும் கிடையாது, போவும் கிடையாது. "கொட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஈரத் துண்டால் மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கெஞ்சினாலும் கத்தினாலும் துடைத்துக்கொண்டே இருப்பார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே லோரியைப் பின்னால் எடுத்துப் போய்க் கல்லைக் குறைத்துக்கொண்டு வருவான்.

"நாப்பது வயசு ஆம்பளைய வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லுது பாரு லா" என்று தேத்தண்ணிக் கடையில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவனும் மறுநாள் ஜன்னலடியில் ஒப்பித்துவிட்டுத்தான் போவான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"எதுக்குக்கா இது? டன்னு எழுதுனா பத்தாதா?"

"டன்னு டவ்கேவுக்கு. இது ஒனக்கு" என்றார். முதலாளியைத்தான் அங்கே டவ்கே என்போம். "நீ எவ்ளோ கிலோ?"

"எழுபத்தஞ்சு இருப்பேன்."

"ஒரு குதிரைன்னா, எழுபத்தஞ்சு கிலோவ ஒரு செகண்டுல ஒரு மீட்டரு மேல தூக்குற சக்தி. ஒன்னையத் தூக்க ஒரு குதிரை. ஒன் என்ஜின்ல இருநூத்தி இருபது குதிரை இருக்கு. லோரியும் கல்லும் சேத்து இருபத்தஞ்சு டன்னு. வகுத்துப் பாரு, ஒவ்வொரு குதிரை மேலயும் நூத்தி பதினாலு கிலோ. மேட்டுல அதுங்கதான் இழுக்கும். அதான் மெதுவா ஏறுற. எறக்கத்துல அந்த நூத்தி பதினாலும் பின்னாலேர்ந்து தள்ளும். அப்ப ஒன் குதிரை எதுவும் காப்பாத்தாது. சின்ன கியரும் பிரேக்கும்தான்."

நான் சிரித்தேன். லோரிக்காரனுக்கே லோரியைப் பற்றிப் பாடம். அவர் சிரிக்கவில்லை. "சொல்லு" என்றார். சொன்னேன். "சரி, போ" என்றார்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்சு இருந்தது மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தான். ஒரு பழைய கப்சாய், சின்ன வண்டி, ஆறு குதிரை. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், லயத்து வரிசை வீடு ஒன்றிலிருந்து அதில்தான் வருவார். ரப்பர் மரமெல்லாம் வெட்டிச் செம்பனை நட்டு, பாதி வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிகள் குடியேறிய பிறகும் அவர் அங்கேதான் இருந்தார். கூடப் பிறந்த சகோதரியின் மகள் ஒருத்தி அவரோடு இருந்தாள் என்பது தெரியும். கல்யாணம் ஆனதா, ஆகி என்ன ஆனது, எதுவும் தெரியாது. கேட்டால் குதிரைக் கணக்குக்குத் தாவிவிடுவார்.

குவாரிக்கு வெளியே ஒரு சின்ன மேடு. சுமை லோரிகள் முனகிக்கொண்டு ஏறும்போது அக்கா கப்சாயில் எங்களைத் தாண்டிப் போவார். மறுநாள் ஜன்னலில் சொல்வார்: "வண்டியும் நானும் சோத்து டப்பாவும் சேந்து நூத்தி நாப்பது கிலோ. ஒரு குதிரைக்கு இருபத்தி மூணுதான். நீ நூத்தி பதினாலு. யாரு மொதல்ல ஏறுவா?" கேலி செய்கிற மாதிரி இருக்கும், முகம் மட்டும் பள்ளிக்கூடத்து முகமாகவே இருக்கும்.

டவ்கே ஒருமுறை வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கி வந்தார். சீனர், நல்ல மனுஷன், ஆனால் புதுக் காரைப் பத்துப் பேர் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அக்கா அந்தக் காரையும் மேடையில் ஏறச் சொன்னார். இருநூறு குதிரை, ஆயிரத்து அறுநூறு கிலோ. "எட்டு" என்றார். டவ்கேவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் அக்கா அதோடு நிறுத்தவில்லை. ஈப்போ ஜாமில் இந்தக் காரும் என் கப்சாயும் சாமா சாஜா, இரண்டும் ஒன்றுதான் டவ்கே என்று மலாயில் சொல்லிவிட்டார். டவ்கே அதையும் திருப்பிச் சொன்னார். சொல்லாவிட்டால் மேடையை விட்டு இறங்க முடியாதே.

இன்னொரு தடவை ஒரு மீசைக்கார டிரைவர், என்ஜின் செத்துப்போச்சு, எழுபதுக்கு மேலே ஏறவே மாட்டேங்குது என்று கத்திக்கொண்டு வந்தார். அக்கா எழுந்து வெளியே போய் லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கல்லை மூடியிருந்த கேன்வாஸ் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கிற்று. பின் டயர் இரண்டில் காற்று பாதிதான் இருந்தது. "என்ஜினத் திட்டாதீங்க அண்ணே. மேல காத்து புடிச்சு இழுக்குது, கீழ டயரு ரோட்டப் புடிச்சுக்கிட்டு இருக்குது. ரெண்டு பக்கமும் இழுத்தா குதிரை என்னா செய்யும்?" என்றார். மீசைக்காரர் கேன்வாஸை இறுக்கிக் கட்டி, காற்றடித்துக்கொண்டு போனார். மறுநாள் எண்பத்தைந்து போகுது என்று வந்து சொன்னார். "எண்பத்தஞ்சு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அக்கா சீட்டை நீட்டினார்.

அப்படிப்பட்டவரைச் சிரிக்க வைக்க அந்தக் குவாரியில் ஓர் ஆளால்தான் முடியும். அது நான். டவ்கே "எட்டு" என்று ஒப்பித்த விதம், மீசைக்காரர் டயரை உதைத்துவிட்டு வலியில் நொண்டினது, இதையெல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவேன். அக்கா முதலில் உதட்டைக் கடித்துக்கொள்வார். அப்புறம் ஈரத் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். கடைசியில் கண்ணை இறுக மூடித் தலையை மேசையில் கவிழ்த்துவிடுவார். தோள் மட்டும் குலுங்கும். நிமிர்ந்தால் முகத்துத் தூசியில் கண்ணீர் இறங்கிய கோடு இருக்கும். "போடா, வேலையக் கெடுக்குற" என்பார். எனக்குப் பெருமை தாங்காது.

அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் எனக்குத் தெரியும். அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் அவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. இதைக் கண்டுபிடித்தவன் நான். அவசரத்துக்கு இரண்டு தடவை பின் டயரை வெளியே விட்டு நிறுத்தி, லோரியில் உட்கார்ந்தபடியே அவரைச் சிரிக்க வைத்துச் சீட்டு வாங்கிப் போயிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அது தப்பாகவே தெரியவில்லை. அதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக் குணாவிடம் சொல்லியும் வைத்தேன்.

குணா எனக்குச் சொந்தமில்லை, ஆனால் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒரே தாமான் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீடு. என் லோரியும் அவன் லோரியும் ஒரே மாதிரி, இருநூற்றிருபது குதிரை. அந்த வாரம் தைப்பிங்கில் ஒரு கட்டுமான இடத்துக்குக் கல் போய்க்கொண்டிருந்தது. அங்கே மழை விட்டால்தான் வேலை, அதனால் மழைக்கு முன்னால் கொண்டு வா, கொண்டு வா என்று விரட்டினார்கள். அன்றைக்கு அவனுக்கு மூன்று நடை. அன்று சாயங்காலம் அவன் மகள் பள்ளிக்கூட மேடையில் ஆடப் போகிறாள். ஏழு வயசு. ஒரு மாதமாக அந்தச் சலங்கைச் சத்தம் எங்கள் வீட்டுச் சுவர் வழியாக எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், மூணு நடைய ரெண்டா முடிச்சாத்தான் நான் போயிச் சேர முடியும். ஏத்துறவன்கிட்ட கூடுதலாப் போடச் சொல்லிட்டேன். நீ அக்காவ மட்டும் சிரிக்க வை. ஒரு நிமிசம் போதும்" என்றான்.

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. இப்போது எத்தனையோ தடவை அந்த இடத்துக்குப் போய் மறுத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு, சத்தியமாக, தோன்றவே இல்லை.

என் லோரியை வரிசையில் நிறுத்திவிட்டு, கையில் தேத்தண்ணிப் பொட்டலத்தோடு ஜன்னலடிக்குப் போனேன். குணாவின் லோரி மேடையில் ஏறியது. வழக்கமாக நிற்கிற கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. அக்கா தலையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பப் போனார். "அக்கா, நேத்து டவ்கேவோட புது காரு ஈப்போல ஜாம்ல மாட்டிக்கிச்சு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். டவ்கே ஹாரன் அடிப்பதை, பக்கத்தில் ஒரு கிழவர் சைக்கிளில் அவரைத் தாண்டிப் போவதை, டவ்கே எட்டு எட்டு என்று புலம்புவதை நடித்தேன். எல்லாம் இட்டுக்கட்டியது. அக்கா துண்டை எடுத்தார். தலை கவிழ்ந்தது. அன்றைக்கு அவர் சிரித்ததைப் போல நான் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே மெஷினைப் பார்த்து எழுதினார். இருபத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

"ஒரு குதிரைக்கு நூத்தி பதினெட்டு. சொல்லு" என்றார். குரலில் இன்னும் சிரிப்பு ஒட்டியிருந்தது.

"நூத்தி பதினெட்டு" என்றான் குணா.

"சரி, போ."

அவன் போனான். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. தைப்பிங்குக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. பின்னால் வந்த டிரைவர் பார்த்திருக்கிறார், குணாவின் டயரிலிருந்து புகை வந்தது, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனான். முன்னால் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு மோட்டார் சைக்கிள்கள். அவர்கள் மேல் ஏற்றிவிடாமல் மலைப்பக்கமாகத் திருப்பியிருக்கிறான். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கல் முழுக்க முன்னால் சரிந்து வந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு அக்காவும் வந்தார். கூட்டத்துக்குப் பின்னால், வாசல் ஓரமாக நின்றார். டயர் மேடைக்கு வெளியே நின்றதைப் பார்க்காமல் அக்கா சீட்டு எழுதிவிட்டார் என்று அதற்குள் ஊரில் பேச்சு பரவியிருந்தது. குணாவின் மனைவி அவரைப் பார்த்துவிட்டாள். "டயரப் பாத்து எழுதத்தான ஒன்னைய ஒக்கார வச்சிருக்கு? நீ பாத்திருந்தா எம்புருசன் கொட்டிட்டுப் போயிருப்பாருல்ல? நீ பாத்திருந்தா?" என்று கத்தினாள். நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அவருக்கு ஐந்தடி தூரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிய நாற்காலியைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

மூன்றாம் நாள், ரோட்டில் கொட்டிக் கிடந்த கல்லை வாரி இரண்டு லோரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எவ்வளவு இருந்தது என்று போலீசுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் இருந்த எடைமேடை எங்களுடையதுதான். குணாவின் பாரத்தை அக்காதான் நிறுத்தார். கண்ணாடியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், எழுதினார். மனசில் கணக்குப் போடுகிறவர் அன்றைக்குக் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். இரண்டு தடவை தட்டினார். லோரிக்காரர்கள் பழக்கதோஷத்தில் ஒப்பிக்கத் தயாராக நின்றார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. சீட்டை மட்டும் நீட்டினார். அவர் எண்ணைச் சொல்லாமல் ஒரு லோரியை அனுப்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சீட்டைப் பார்த்த லோரிக்காரர்கள் பேசிக்கொண்டதில் எடை என் காதில் விழுந்தது. இருபத்தையாயிரத்து எண்பது கிலோ கல். வெறும் லோரி பதினோராயிரம். வரிசையில் உட்கார்ந்தபடியே சிகரெட் பெட்டியில் வகுத்துப் பார்த்தேன். வந்த எண்ணைப் பார்த்ததும் பெட்டியைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

அடுத்த வாரம் விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கொண்டெய்னர் வாசலிலேயே நின்று கேட்டார்கள். நாங்கள் டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம்.

"டயரப் பாக்காம நம்பர எழுதிட்டேன். தப்பு என்னோடது" என்று அக்கா மலாயில் சொன்னார்.

"எப்போதும் பார்ப்பீர்கள் என்கிறார்களே. அன்றைக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை? யாராவது பக்கத்தில் இருந்தார்களா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், நான் அவர் கண்ணையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். "உள்ள ஒக்காந்திருந்தது நான் ஒருத்திதான்" என்றார். அதுவும் பொய் இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே அல்லவா நின்றேன்.

நான் கல்லுளிமங்கன் மாதிரி நின்றேன். வாயைத் திறந்தால் லைசென்சு போகும், வேலை போகும், குணாவின் மனைவி பக்கத்து வீட்டில் இருக்கிறாள், தினமும் அவள் முகத்தில் முழிக்க வேண்டும். இதையெல்லாம் பிற்பாடு காரணமாக அடுக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது வெறும் பயம். அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை.

அந்த மாதக் கடைசியோடு அக்காவைப் போகச் சொல்லிவிட்டார்கள். போகிற அன்றைக்கு, புதிதாக வந்த கிராணிப் பெண்ணைக் கம்பத்துக்குக் கூட்டிப்போய், கண்ணாடியை ஈரத் துண்டால் துடைத்து, "மொதல்ல இதப் பாரு. யாரு என்னா பேசுனாலும் மொதல்ல இதப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கப்சாயை மிதித்துக் கிளப்பினார். நான் லோரிக்கு அடியில் படுத்து, பழுதே இல்லாத எதையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு குவாரியை மூடினார்கள். நானும் லோரியை விட்டேன். குணாவின் மனைவி மகளோடு பாகான் டத்தோ பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது கைப்பேசியில் கூப்பிடுகிறவர்களை ஏற்றி இறக்குகிற கார் ஓட்டுகிறேன். போன வருஷம் ஒரு நாள் காலை, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஓர் அழைப்பு. இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் என்று போட்டிருந்தது. வாசலில் ஒரு பெண் கைத்தாங்கலாக ஓர் அம்மாவைக் கூட்டி வந்தாள். முன்கதவைத் திறந்து ஏறினார். கணுக்கால் வீங்கி, முகம் கறுத்து, ஆளே மாறியிருந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இடப்பக்கக் கண்ணாடியில் பின் டயரைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"எத்தன குதிரை?" என்று கேட்டார். எப்படி இருக்கிறாய், எங்கே இருக்கிறாய், எதுவும் இல்லை.

"தொண்ணூத்தஞ்சுக்கா."

"வயித்தப் பாத்தா எண்பத்தஞ்சு இருப்ப. நான் அறுபத்தி ரெண்டு." கண்ணை மூடினார். "ஒரு குதிரைக்குப் பதினொன்னர. சொல்லு."

"பதினொன்னரை."

"சரி, போ."

வாரம் மூன்று நாள். தன் சகோதரி மகளிடம் சொல்லி நேரடியாக என்னையே கூப்பிடச் செய்தார். அந்த நிலையத்தில் உள்ளே போகும்போது ஒரு தடவை நிறுப்பார்கள், முடிந்து வெளியே வரும்போது ஒரு தடவை நிறுப்பார்கள். உடம்பில் சேர்ந்த தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க. "ரெண்டர கிலோ கொட்டிட்டு வந்துட்டேன். நானே லோரி ஆயிட்டேன் பாத்தியா?" என்பார். நான் சிரித்து வைப்பேன். அவரைச் சிரிக்க வைக்க மட்டும் முயற்சி செய்யவே இல்லை. எனக்கு அந்தத் தைரியம் போய்விட்டது.

ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். ஒவ்வொரு நாளும் ரோட்டைப் பற்றி, மழையைப் பற்றி, சிக்னலைப் பற்றிப் பேசிவிட்டு வீடு திரும்புவேன். நாலு மாதம் இப்படியே போயிற்று. அவர் எடை உள்ளே போகும்போதும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு குதிரைக்குப் பதினொன்றரையாக இருந்தது மெல்ல இறங்கிப் பதினொன்று புள்ளி நாலுக்கு வந்து நின்றது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தணியும்.

கடைசியாக ஏற்றி வந்த நாள் ஒரு சனிக்கிழமை. பிற்பகல், நல்ல மழை. லயத்து வாசலில் நிறுத்தினேன். குடையை எடுத்துக்கொண்டு நான் இறங்கப் போனபோது, இரு என்று கையைக் காட்டினார்.

"அன்னிக்கு ரெண்டு லோரில கல்லு வந்துச்சுல்ல, அப்ப நான் நம்பர் சொல்லல" என்றார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லலன்னு தெரியுமா? அத யாரு திருப்பிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். அந்த ஆளு வரிசையில நாலாவது லோரில ஒக்காந்திருந்தான். வந்து சொல்லுவான்னு பாத்தேன். போலீசு வந்தப்பவும் பாத்தேன். எறங்கிப் போற அன்னிக்கும் பாத்தேன்." வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கோபம் இல்லை. சீட்டு எழுதுகிற குரல்தான். "நீ கணக்குப் போட்டுப் பாத்திருப்ப. அது எனக்குத் தெரியும். சொல்லு."

சிகரெட் பெட்டியில் எழுதிய எழுத்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படியே கண்ணுக்கு முன்னால் நின்றது.

"நூத்தி அறுபத்தி நாலு" என்றேன்.

அக்கா உதட்டை அசைத்து மனசுக்குள் ஒரு தடவை வகுத்துப் பார்த்தார். அப்புறம் இடப்பக்கக் கண்ணாடியில் பின் டயரைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

கதவைத் திறந்தார். அவருடைய சகோதரி மகள் குடையோடு ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மெதுவாக நடந்து வீட்டுக்குள் போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடியது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. போ என்று அவர் சொல்வாரோ என்று நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் காத்திருந்தேன்.